பெட்டியின் மேல் என் பெயர்

ஒரு விடுகதை போடுகிறேன், தம்பி. பஸ் போளூர் தாண்டுவதற்குள் விடை சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரு சவப்பெட்டி. மூடியின் மேல் என் பெயர். உள்ளே நான் இல்லை. தலைமாட்டில் நின்று "அப்பா, அப்பா" என்று அழுகிறவள் என் சொந்த மகள். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்?

யோசியுங்கள். சொர்க்கத்தில் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஊர்ப் பால்காரன் அதைத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அரை லிட்டர் பாலை ஊற்றிவிட்டுப் போனான், சொர்க்கத்தில் இருப்பவனுக்கு.

அதற்கு முன்னால் ஒரு உதவி. கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறீர்களா? டயருக்கு மேலே இருக்கிற சீட்டில் நான் உட்காருவதில்லை. பயமெல்லாம் கிடையாது. குலுக்கல் அதிகம், அவ்வளவுதான். நன்றி.

இப்போது ஒரு சுவரைத் தாண்டினோமே, போஸ்டரைப் பார்த்தீர்களா? ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு நிற்கிறான். பின்னால் பனிமலை தீப்பிடித்து எரிகிறது. பனி எப்படி எரியும் என்று கேட்காதீர்கள். அது நான்தான். நான் என்றால் நான் இல்லை, நடிகர். கதை என்னுடையது. ஹவில்தார் ஏகாம்பரம். ஊரில் மிலிட்டரி என்றால்தான் தெரியும். நாளைக் காலை முதல் காட்சி.

நாளைக்குப் படம் என்றால் இன்றைக்கு ஏன் மலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். நியாயம்தான். வேலூரில் தியேட்டர்க்காரர்கள் முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டு, ஆளுயர மாலைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ரசிகர் மன்றத்துப் பையன்கள் நேற்று வீட்டுக்கே வந்தார்கள். "மிலிட்டரிண்ணா, தியேட்டர் வாசல்லேருந்து மெயின் ரோடு வரைக்கும் சரவெடி. நீங்க கார்லேருந்து காலைக் கீழ வெக்கச்சொல்லோ பத்தவெப்போம். ஊரே அதிரும் பாருங்க!" என்றார்கள். சந்தோஷம் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன். அவர்கள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது, ஜவ்வாது மலையில் என் தங்கச்சி வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. என்ன வேலை என்று போனால்தான் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பையை எடுத்து வைத்துவிட்டாள். டார்ச் லைட்டைக்கூட மறக்காமல் வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி.

விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டாளத்தில் நான் பதக்கம் வாங்கிய கதை சின்னக் கதை. மலைமேல் ஒரு காவல் முகாம். பெயர் சொல்லக் கூடாது. ஒரு காலையில் எதிரியின் குண்டுகள் விழ ஆரம்பித்தன. கீழே பள்ளத்தில் எங்கள் ஆட்கள் சிலர் அடிபட்டுக் கிடந்தார்கள். போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுபடி போனேன், மறுபடி தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் பயம் இருந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. சத்தியமாக இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. தொடையில் ஒரு துண்டு இரும்பு மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. மழை வருமுன் சொல்லும்.

போன தை மாதம் டைரக்டர் வந்தார். சின்ன வயசு, நல்ல பையன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சூப்பர் கதை சார். ஒரே ஒரு சிக்கல்."

"இன்னா சிக்கல்?"

"நீங்க உயிரோட இருக்கீங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அவ்வளவு பெரிய சண்டை போட்டுட்டு, ரிட்டயர் ஆகி, ஊர்ல அரிசி மண்டி வெச்சாருன்னு முடிச்சா ஜனங்க பாதியில எழுந்து போயிடுவாங்க. படத்துல நீங்க மலைமேலயே செத்துடறீங்க. கொடி போர்த்தின பெட்டி ஊருக்கு வருது. மக ஓடி வரா. சரியா சார்?"

"சரி சார்" என்றேன்.

இங்கேதான் தப்பு நடந்தது, தம்பி. நீங்கள் பட்டாளத்தில் இருந்திருந்தால் புரியும். அதிகாரி ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடைசியில் "சரியா?" என்றால் அது கேள்வி இல்லை, உத்தரவு. "சரி சார்" என்று வாய் தானாகச் சொல்லும். குதிகால் தானாகச் சேரும். சினிமாக்காரர்கள் "சரியா?" என்றால் நிஜமாகவே கேட்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லலாம் என்பது எனக்கு யார் சொன்னார்கள்?

என் மனைவி அமுலு அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். டைரக்டர் கார் தெருமுனை திரும்பியதும் கரண்டியோடு வந்தாள்.

"சாவுக்குச் சரி சார்னு சொல்லிட்டு, இப்ப காபி கேக்கிறீங்களே, மனுஷனா நீங்க?"

"சினிமாதானே அமுலு."

"சினிமாதான். என் கழுத்துல தாலி இருக்கச்சொல்லோ, எவளோ ஒருத்தி என் பேரை வெச்சிக்கினு தாலியைக் கழட்டுவா. அதை நான் தியேட்டர்ல காசு குடுத்துப் பாக்கணும். நல்லா இருக்குது!"

படப்பிடிப்பு நடக்கிற இடத்துக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே வரவும் இல்லை. பெட்டி வருகிற காட்சி எடுத்த அன்று காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தவள், இருட்டிய பிறகுதான் எழுந்தாள்.

மகள் சுபிக்ஷா மட்டும் வந்தாள். நாலாம் வகுப்பு. டைரக்டர் அவளைப் பார்த்ததும், மகள் வேஷத்துக்கு மகளே இருக்கும்போது வேறு பிள்ளை எதற்கு என்றார். நடித்து முடித்தால் சைக்கிள் என்றும் சொன்னார், கியர் வைத்த சைக்கிள். அவள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். டீச்சர்கூட, சினிமாவில் வந்ததும் எங்களை மறந்துவிடாதே என்றாராம்.

பொறுங்கள், அது என்ன சத்தம்? ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. டிக்கெட் கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுத்துக்கொள்கிறேன்.

லாரி டயரா? ஓ. எனக்குச் சத்தமே கேட்கவில்லை, டிக்கெட்டைத்தான் தேடினேன். என் சட்டைப் பையிலா? ஆமாம், இங்கேதான் இருக்கிறது. வயசாகிறது பாருங்கள்.

எனக்கு இப்படித்தான் பொருள்கள் தொலையும். அதிலும் தீபாவளி வந்தால் போதும். சாவி, மூக்குக்கண்ணாடி, ஏதாவது ஒன்று கட்டிலுக்கு அடியில் போய்விடும். நானும் உள்ளே போய்த் தேடுவேன். சுபிக்ஷா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவாள். வெளியே தெருவே வெடிக்கும். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருப்போம். அவளுக்கும் வெடி பிடிக்காது. மத்தாப்பு மட்டும்தான் கொளுத்துவாள், அதுவும் சத்தம் வராத மத்தாப்பு. பயந்த சுபாவம். யாரைக் கொண்டு பிறந்தாளோ.

அந்த நாளுக்கு வருகிறேன். பங்குனி வெயில். தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. என் வீட்டில் தரைக்கு டைல்ஸ் போட்டிருப்பதால் ஏழை வீடு மாதிரி இல்லை என்று, பக்கத்து ஊரில் ஓட்டு வீடு ஒன்றைப் பிடித்திருந்தார்கள். வாசலில் பந்தல். ராணுவ லாரி மாதிரி ஒரு லாரி. அதில் பெட்டி.

ஒரு பையன் பிரஷ்ஷும் டப்பாவுமாக வந்தான். "சார், பெட்டி மேல நம்பர் போடணும். உங்க நம்பர் சொல்லுங்க சார்" என்றான். பட்டாளத்தானைத் தூக்கத்தில் எழுப்பி நம்பர் கேட்டாலும் வரும். வந்துவிட்டது. அவன் என் நம்பரை எழுதினான், என் பதவியை எழுதினான், என் பெயரை எழுதினான். வெள்ளைப் பெயின்ட். நான் பார்க்கும்போது ஈரம் காயவில்லை. உள்ளே ஆள் இல்லை. காலிப் பெட்டி.

தம்பி, பட்டாளத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டிக்குள் முதலில் ஆள். பிறகு மூடி. கடைசியில்தான் பெயர். காலிப் பெட்டியில் யாரும் பெயர் எழுத மாட்டார்கள். எழுதிவிட்டால் பெட்டி அந்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் பெட்டி பெட்டிதானே? அளவும் சரியாக என் அளவு.

முதலில் ஹீரோவைப் படுக்க வைத்து முகத்தை மட்டும் எடுத்தார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காயம். டைரக்டர் போதும் என்றதும் பஞ்சைப் பிடுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். நேராகக் கேமராவைப் பார்த்தார். ஈ என்று சிரித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள்.

மேனேஜர் சபாபதி என்று ஒரு பெரியவர், நெற்றி நிறைய சந்தனம். அவரிடம் இது என்ன என்று கேட்டேன்.

"அது எங்க வழக்கம் சார். செத்த மாதிரி நடிச்சவங்க எழுந்து கேமராவைப் பாத்து சிரிச்சிடணும். அப்பதான் தோஷம் கழியும். இல்லேன்னா அந்தச் சாவு கூடவே நிக்கும்."

"அவரு சிரிச்சதுல அவரு தோஷம் போச்சு. பெட்டி மேல என் பேரு இருக்குதே, அதுக்கு யாரு சிரிக்கிறது?"

சிரித்துவிட்டுப் பதில் சொல்வார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தினி வருஷமா சினிமாவுல இருக்கேன். உயிரோட இருக்கிறவர் பேர்ல சாவு எடுத்ததே இல்ல சார். நீங்க எதுக்கும் வீட்டுக்குப் போனதும் குளிச்சிடுங்க."

இதைக் கேட்டுக்கொண்டு சுபிக்ஷா என் கையைப் பிடித்தபடி நின்றாள். கை வியர்த்து வழுக்கிக்கொண்டே இருந்தது. அவள் கைதான்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அவளுடைய காட்சி. பெட்டியை வாசலில் இறக்கி வைப்பார்கள். அவள் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து தலைமாட்டில் நின்று அழ வேண்டும். வேட்டு மரியாதை உண்டு. ஆனால் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினால் போதும், சத்தத்தைப் பிறகு சென்னையில் சேர்த்துக்கொள்வோம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மகளுக்காக.

அவள் ஓடி வந்தாள். நின்றாள். அழுகை வரவில்லை. மறுபடி ஓடி வந்தாள். வரவில்லை. டைரக்டர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, அப்பா செத்துட்டாருன்னு நினைச்சுக்கோ."

"எப்படி நினைச்சுக்கறது? அதோ நிக்கிறாரே" என்று என்னைக் காட்டினாள்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டைரக்டர் என்னிடம் வந்தார். "சார், நீங்க கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா அவளுக்கு வராது. கொஞ்ச நேரம் மறைஞ்சுக்கறீங்களா? சரியா சார்?"

வாய் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தெருவோரத்தில் ஜெனரேட்டர் வேன் நின்றது. அதன் பின்னால் போய் நின்றேன். பெட்டி தெரியவில்லை, ஆட்கள் தெரியவில்லை. ஜெனரேட்டரை அணைத்துவிட்டார்கள். ஒரே அமைதி. காக்கைகூட இல்லை. அப்புறம் அவள் ஓடி வருகிற கொலுசுச் சத்தம். அப்புறம் அழுகை.

தம்பி, பிள்ளைகள் அழுது கேட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுவார்கள், முழங்கால் சிராய்த்து அழுவார்கள். இது அப்படி இல்லை. இதுவரை அவளிடம் கேட்காத குரல். "அப்பா, எழுந்திருப்பா. அப்பா." நான் இங்கே நிற்கிறேன், எனக்காக என் மகள் அங்கே அழுகிறாள், நான் இங்கேதான் நிற்கிறேனா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். நாடி கைக்கு அகப்படவில்லை. வேன் கண்ணாடியில் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். தூசியில் ஒன்றும் தெரியவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. அந்தப் பெட்டி இப்போது என்னைக் கூப்பிடுகிறது என்று தோன்றியது, அவள் குரலில்.

அப்போதுதான் வேட்டு வெடித்தது.

நிஜ வேட்டு. மகள் நன்றாக அழுகிறாள், இந்த நேரத்தில் சத்தமும் கேட்டால் எல்லார் முகத்திலும் திடுக்கிடல் வரும் என்று டைரக்டர் சைகை காட்டியிருக்கிறார். வெடி வைக்கிற ஆட்கள் வைத்துவிட்டார்கள்.

நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து என் மோதிரம் கழன்று விழுந்தது. வேனுக்கு அடியில் உருண்டு போயிற்று. கல்யாண மோதிரம், விட முடியுமா? நான் அடியில் போய்ப் படுத்துத் தேட ஆரம்பித்தேன். வேட்டு அது பாட்டுக்கு வெடித்துக்கொண்டிருந்தது. வேனுக்கு அடியில் என்ன குளிர் தெரியுமா? பல்லெல்லாம் தந்தி அடிக்கிறது. பங்குனி வெயிலில் அப்படி ஒரு குளிரை நான் பார்த்ததில்லை.

டைரக்டர் "கட், கட்" என்று கத்துவது கேட்டது. கொலுசுச் சத்தம் நெருங்கி வந்தது. வேனுக்கு அடியில் சுபிக்ஷாவின் முகம் தெரிந்தது. கன்னமெல்லாம் ஈரம். வேட்டுச் சத்தம் கேட்டதும் பெட்டியை விட்டுவிட்டு, கேமராவுக்கு முன்னாலேயே குறுக்கே ஓடி வந்திருக்கிறாள். நன்றாக வந்த காட்சி கெட்டுவிட்டது. பயந்துவிட்டாள், பாவம். சின்னப் பிள்ளைதானே.

ஊர்ந்து உள்ளே வந்து என் பக்கத்தில் படுத்தாள்.

"இன்னாப்பா தொலைஞ்சிது?"

"மோதிரம்."

என் கையைப் பார்த்தாள். மோதிரம் விரலில்தான் இருந்தது. ஒவ்வொரு நேரம் அப்படித் தெரியாமல் போகும், உங்களுக்குக்கூட நடந்திருக்கும். அவள் தன் கையை என் கைமேல் வைத்து மோதிரத்தை மூடிக்கொண்டாள்.

"கிடைச்சிடும்பா, தேடலாம்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு கை விரல்களையும் சேர்த்துக் கேமரா மாதிரிச் சதுரமாகப் பிடித்து, அதன் வழியாக என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ஒரு வாட்டி சிரிச்சிடு. உன் பேருக்கு."

எனக்குக் குளிரில் வாய் கோணிக்கொண்டு போயிற்று. "ம், போதும்" என்றாள்.

வெளியே கால்கள் வந்து நின்றன. டைரக்டருடைய வெள்ளை ஷூ, மேனேஜருடைய செருப்பு. பக்கத்தில் பூப்போட்ட சின்னச் செருப்பு ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று சென்னையிலிருந்து கூட்டி வந்திருந்த பெண் பிள்ளையுடையது. படத்தில் நாளைக்கு நீங்கள் பார்க்கப் போவது அவளைத்தான். நன்றாக அழுதிருக்கிறாளாம். அதுதான் எனக்கு மனத்தாங்கல். என் மகள் கொஞ்சம் தைரியசாலியாக இருந்திருந்தால்.

டைரக்டர் குனிந்தார். கோபமெல்லாம் படவில்லை. நல்ல பையன் என்றேனே.

"பாப்பா, வெளிச்சம் போகுது. இன்னொரு தடவை எடுக்கணும், வேட்டோடதான் எடுக்கணும். அப்பாவைக் கார்ல வீட்டுக்கு அனுப்பிடறேன். நீ பெட்டிகிட்ட நில்லு. அதோ சைக்கிள்கூட வந்திருச்சு, வண்டியில இருக்கு. நிக்கிறியா? இல்ல இந்த அக்காவை நிக்க வைக்கட்டுமா? நீயே சொல்லு."

நான், "போம்மா, போய் நில்லு, மோதிரத்தை நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொன்னேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, சரியாக ஞாபகம் இல்லை.

இப்போது விடை தெரிந்திருக்குமே, நான் எங்கே இருந்தேன் என்று.

சுபிக்ஷா தலையை மட்டும் வெளியே நீட்டி, "அந்த அக்காவையே நிக்க வைங்க சார்" என்றாள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, மறுபடி என் பக்கத்தில் படுத்து, என் காது இரண்டையும் தன் கையால் பொத்திக்கொண்டாள்.